காபி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை

என் ரத்தத்தைக் கொடுப்பதற்காகத்தான் சென்னைக்கு வந்தேன். ஊசி குத்தினால் மலேசியாவில் எங்கள் கிள்ளானிலும் இதே ரத்தம்தானே வரும், குழாயில் அடைத்து அனுப்பினால் ஆகாதா என்று போனில் அக்காவிடம் கேட்டேன். ஆகாதாம். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே காலையில் கொடுக்க வேண்டுமாம். உண்மையில் அவளுக்கு என்னைப் பார்க்க வேண்டும், எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். அதை நேராகச் சொல்லிக்கொள்ள இரண்டு பேருக்கும் வெட்கம்.

அக்கா பெயர் செல்வி. மலேசியாவில் பிறந்து, கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தவள். சிறுநீரகத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, நுரையீரலில் மறுபடியும் எட்டிப் பார்த்திருக்கிறது. இப்போது சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். அது தானாகப் போய்ப் புற்றைக் கொல்லாதாம். உடம்பில் காவலுக்கு இருக்கிற செல்களைத் தட்டி எழுப்பிச் சண்டைக்கு அனுப்புமாம்.

அக்காவைப் பார்க்கும் டாக்டரம்மா அதோடு ஓர் ஆராய்ச்சியும் செய்கிறார். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்துகொண்டு திரியும் துகள்கள் உண்டு, லிப்போபுரோட்டீன் என்று பெயர். அவை அந்தக் காவல் செல்களை என்ன செய்கின்றன என்று பார்க்கிறார். அதற்கு நோயாளியின் ரத்தத்தோடு, நோயில்லாத உடன்பிறப்பின் ரத்தமும் வேண்டும். அவளுக்கு உடன்பிறப்பு என்று நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

நான் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பள்ளி விடுமுறை வந்ததால் கிளம்ப முடிந்தது. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்காருவது எனக்கு ஆகாது. வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். விமான நிலையத்தில் ஆட்டோ ஏறினேன்; கிண்டி தாண்டியதும் ஆட்டோக்காரர் எதிர்த்திசையில் புகுந்தார். ஒரு தண்ணி லாரி எங்களைப் பார்த்து நேராக வந்தது.

"அண்ணே, லாரி வருது, லாரி!"

"இன்னாமா இப்டி பயப்படறே? அவனுக்கும் வூட்டுல புள்ளகுட்டி கீதுல்ல? அவனே ஒதுங்குவான் பாரு."

லாரி ஒதுங்கியது. எனக்குத்தான் மூச்சு வரவில்லை. மயிலாப்பூரில் மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டு, தெரு என்று ஒன்று இருந்த இடத்தில் தகரத் தடுப்பு நின்றது. "இங்கயே எறங்கிக்கமா, உள்ள வண்டி பூராது" என்றார் அவர். பெட்டியை இழுத்துக்கொண்டு, பூக்கடைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒருக்களித்து நடந்தேன்.

மாடியில் அக்காவே கதவைத் திறந்தாள். நைட்டி தெரிந்தது, அதற்குள் அக்காவைத் தேட வேண்டியிருந்தது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. கட்டிப்பிடித்தபோது எங்கே அழுத்துவது என்று தெரியாமல் கையைத் தளர்த்திக்கொண்டேன்.

"பசியாறிட்டியா?" என்றாள். எங்கள் ஊர்க் கேள்வி அது. இத்தனை வருஷத்தில் அதை மட்டும் அவள் விடவில்லை.

சமையலறையிலிருந்து அத்தான் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. வாட்டசாட்டமான மனுஷன் என்றுதான் என் நினைவில் இருந்தார். அவரும் பாதியாகியிருந்தார். இலை போட்டு அவர்தான் பரிமாறினார். சோறு, அவித்த புடலங்காய், அவித்த கேரட், ரசம். ரசத்தில் கடுகு இல்லை, கறிவேப்பிலை மட்டும் பச்சையாக மிதந்தது. அப்போதுதான் உறைத்தது: வீட்டுக்குள் வந்ததிலிருந்து தாளிக்கிற வாசனையே இல்லை. பகல் சமையல் முடிந்த வீடு, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணத்தது.

"எண்ணெய் தீர்ந்துபோச்சா அத்தான்?"

"தீரல மல்லிகா, நிறுத்தியாச்சு," என்றார் பெருமையாக. போனை எடுத்து நீட்டினார். "இங்க பாரு, எல்லாம் போட்டிருக்கான். ரத்தத்துல கொழுப்பு ஏறிச்சுன்னா புத்துநோயக் கொல்லுத செல்லு இருக்குல்லா, அது அந்தக் கொழுப்பத் தின்னுட்டு மதமதன்னு கெடக்குமாம். நாம அத்தன விலை கொடுத்து மருந்து ஏத்தி அத எழுப்புதோம். எண்ணெய ஊத்தி நாமளே தூங்க வைக்கவா? அதான் ஒரு சொட்டு கெடயாது. நெய்யி, தேங்கா, ஒண்ணும் கெடயாது."

அக்கா புடலங்காயை இலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். நாலு வாய்கூட உள்ளே போகவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, "சரி, எழுந்திரு, காபி தாரேன்" என்றார். காபி வந்தது. அடேயப்பா! சிக்கரி குறைத்த கெட்டி டிகாக்‌ஷன், மேலே ஏடு படிந்த பால். டம்ளரை வாயில் வைத்தால் மேலுதடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்க் கோப்பிக்குத் தகர டப்பாவில் வரும் இனிப்புப் பாலைக் கலப்போம். அதைக் காபி என்று சொல்லி அத்தானிடம் கொடுத்தால் போலீசைக் கூப்பிடுவார். அக்கா அந்தக் காபியை மட்டும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

அவர் கடைக்குப் போனதும் நான் பொரிந்து தள்ளினேன். "என்னக்கா இது, கூத்தா? ஆளையே உருக்கி வச்சிருக்காரு. டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லிறாத."

"ஏன்?"

"போன தடவையே டாக்டர் சொல்லிட்டாங்க, இதுக்கு மேல இளைச்சா அடுத்த மருந்தத் தள்ளிப் போடணும், ஒடம்பு தாங்காதுன்னு. நோயால இளைக்கிறேன்னு நெனைச்சிட்டு இருக்காங்க. இவர் பண்றது தெரிஞ்சா அவரைத் திட்டுவாங்க."

"திட்டட்டுமே!"

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மருந்து டாக்டர் கையில இருக்கு, மல்லி. ஸ்கேன் மிஷின் கையில இருக்கு. அவர் கையில இருக்கிறது அடுப்பு ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டா அந்த மனுஷன் என்ன செய்வாரு? அவரும் இதையேதான் சாப்பிடுறாரு, பாத்தியா?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் வெளியே நடக்கக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்குள் இருந்தால் வாய் சும்மா இருக்காது. தெப்பக்குளத்தைச் சுற்றி, சாந்தோம் தேவாலயத்தைத் தாண்டி, கால் போன போக்கில் போனால் நொச்சிக்குப்பம். ரோட்டோரம் மீன் கடைகள். கிள்ளானில் மீன் வாங்கினால் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வாங்குவேன். இங்கே ஒரு அம்மா என் சட்டையைப் பிடிக்காத குறை.

"இன்னா அப்டியே பாத்துகினு போறே? கண்ணப் பாரு, கண்ண! இப்பதான் கரைக்கு வந்துச்சு. உடம்புக்கு முடியாதவங்களுக்கா? சங்கரா எட்த்துனு போ, வறுத்துக் குடு, எழுந்து ஒக்காந்துக்கும்."

உடம்புக்கு முடியாதவர்களுக்கு என்று நான் சொல்லவே இல்லை. என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ. வாங்கிக்கொண்டு வந்தேன். மீனைப் பார்த்ததும் அத்தானுக்குச் சந்தோஷம். மஞ்சள், உப்பு தடவினார். எனக்கு வாயில் நீர் ஊறியது. பிறகு இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றி, துணி விரித்து, மீனை ஒன்றன்பின் ஒன்றாக இட்லி மாதிரி வரிசையாக வைத்து மூடிவிட்டார். நான் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். அக்கா ஒரு துண்டு தின்றுவிட்டுக் காபி கேட்டாள்.

சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் போய் முட்டிமோதி, அவர் கடைக்குப் போனேன். கூட்டம் என்னை நடத்திக்கொண்டு போனது, நானாக நடக்கவில்லை. நடுவழியில் நின்று, எண்ணெய் வடிய வடிய மிளகாய் பஜ்ஜி தின்றேன். குற்றவாளி மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால், வாசலில் சரம் சரமாக வடைச் சட்டி, ஜல்லிக் கரண்டி, தாளிப்புக் கரண்டி. அத்தான் ஒரு பெண்ணிடம் தாளிப்புக் கரண்டி விற்றுக்கொண்டிருந்தார். "கைப்பிடி சுடாதும்மா. கடுகு வெடிச்சா வெளிய தெறிக்காது, குழிய நல்லா ஆழமா வச்சிருக்கான் பாருங்க." கல்லாவுக்குப் பின்னால் அவருடைய டிபன் பாத்திரம் இருந்தது. மதியம் கொண்டுவந்த அவித்த சுரைக்காயில் பாதி மிச்சம். அவர் இடுப்புப் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. வரும்போது அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்து வந்தவள், ஒன்றும் கேட்காமல் ஒரு ஜல்லிக் கரண்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ரத்தம் கொடுக்கும் நாள் வந்தது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அத்தான் அன்றைக்கு மிலிட்டரி. எங்களை ஒரு பிஸ்கட் டப்பாவின் பக்கம்கூட விடவில்லை. ஆஸ்பத்திரியில் காக்க வைப்பார்கள், தெம்பு வேண்டும் என்று அக்காவுக்குப் பெரிய டம்ளரில் இரண்டு தடவை காபி கொடுத்தார். எனக்கு ஒரு தடவை. குடித்துவிட்டு அடையாற்றுக்குக் கிளம்பினோம்.

"எதுவும் சாப்பிடலையே?" என்று ரத்தம் எடுக்கும் பெண் கேட்டாள்.

"ராத்திரி ரெண்டு இட்லி. காலைல ஒண்ணுமே தொடல" என்றார் அத்தான். நானும் தலையை ஆட்டினேன். கோயிலில் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் மூன்று பேரும் செய்திருப்போம்.

ஊசி குத்தி முடித்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டு வந்தேன். பிறகு டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு குழாய்கள் நின்றன. சிவப்பு எல்லாம் அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். என்னுடையதில் மேலே கலங்கல். அக்காவுடையதில் மோர் ஊற்றி வைத்த மாதிரி வெள்ளையாக நின்றது.

"இது ஆராய்ச்சிக்கு உதவாது," என்றார் டாக்டர். "ரத்தத்துல இப்பதான் கொழுப்பு வந்து சேர்ந்திருக்கு. என்ன சாப்பிட்டாங்க?"

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "கொழுப்பா? இருக்கவே முடியாது டாக்டர்! ஒரு சொட்டு எண்ணெ சேக்கலயே நாங்க! மருந்து ஆரம்பிச்ச நாள்லேருந்து எல்லாம் அவிச்சுத்தான் கொடுக்கேன். நெய்ய வீட்டுக்குள்ளயே விடல. செல்லுங்க மந்தமாயிரக் கூடாதுன்னு நான் எவ்வளவு..." பாராட்டுவார்கள் என்று நாள்கணக்காகக் காத்துவைத்திருந்த செய்தி அது. இப்படித் தெறித்து விழுந்துவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். என் வாக்கை நான் காப்பாற்றிவிட்டேன், ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"சரி, காலையில என்ன குடிச்சீங்க?"

"காபி."

"பால் விட்டா?"

"பால் விடாம என்ன காபி?"

"எந்தப் பால்?"

"ஆரஞ்சு பாக்கெட்," என்றார் அத்தான். சென்னையில் கொழுப்பு நீக்காத கெட்டிப் பாலுக்கு அந்த நிறம். "தண்ணி சேக்க மாட்டேன் டாக்டர், நல்லா சுண்டக் காய்ச்சிருவேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடுக்கறீங்க?"

அவர் விரலை மடக்கிப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். டாக்டர் நெற்றியைத் தடவினார். "சஷ்டி விரதம் இருப்பீங்களா?"

"தவறாம இருப்போம்."

"அன்னிக்குக் காபி?"

"குடிப்போம். காபி சாப்பாட்டுல சேத்தி இல்லலா?"

"எங்க வீட்டுலயும் சேத்தி இல்லதான்," என்றார் டாக்டர். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "ஆனா ரத்தத்துக்கு அது தெரியாது. உக்காருங்க."

பிறகு அவர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் அவர் வண்டி வைத்துச் சொன்னார். கொழுப்பு ரத்தத்தில் கரையாது, அதனால் புரத உறை போட்ட சின்னச் சின்ன வண்டிகளில் ஏறித்தான் போகும். லிப்போபுரோட்டீன் என்பது அந்த வண்டிதான். பெரிய வண்டி, சின்ன வண்டி என்று வகைகள் உண்டு. புற்றைக் கொல்லும் செல்கள் அந்த வண்டிகளிலிருந்து சரக்கை இறக்கிக்கொள்ளும். "கொஞ்சம் இறக்கித்தான் ஆகணும், அந்தச் செல்லோட தோலே கொழுப்புலதான் கட்டியிருக்கு. அளவுக்கு மேல அடைஞ்சா மந்தமாகலாம். எந்த வண்டி மந்தமாக்குது, எந்த வண்டி உசுப்பிவிடுது, அதத்தான் பாத்துட்டிருக்கோம். உங்க போன்ல படிச்சது முழுப் பொய் இல்ல சார். ஆனா நாங்களே இன்னும் உறுதியாச் சொல்லாததை, நீங்க சமையல்ல செஞ்சு முடிச்சிட்டீங்க."

"அப்போ எண்ணெய நிறுத்துனா வண்டி கொறையாதா?"

"தட்டுல இருக்கிற எண்ணெய்க்கும் ரத்தத்துல ஓடுற வண்டிக்கும் நேர் ரோடு கிடையாது. முக்காவாசி வண்டிய கல்லீரல்தான் கட்டி அனுப்புது. நீங்க பட்டினி போட்டா அது சும்மா இருக்குமா? உடம்புல இருக்கிற கொழுப்பையே கரைச்சு எடுத்து வண்டி கட்டும். கூடவே சதையும் கரையும். காவல் செல்லுக்கும் சாப்பாடு வேணும்ல?"

அத்தான் மெல்லக் கேட்டார். "அப்போ நான்தான் இவள இப்படி ஆக்குனேனா?"

"நோயும் இளைக்க வைக்கும்," என்றார் டாக்டர். "நீங்களும் கொஞ்சம். இனிமே அத சரி பண்ணலாம். அடுத்த மருந்துக்கு முன்னாடி எடை பாப்பேன். இன்னிக்கு இருக்கிறதுக்குக் கீழ இறங்கினா, நான் தள்ளித்தான் வைக்கணும்."

வெளியே வராந்தாவில், அவ்வளவு பேர் பார்க்க, அத்தான் அழுதார். அக்கா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நோயாளி யார் என்று பார்த்தவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி அடையாற்றுப் பாலத்திலிருந்து எறிய வேண்டும் போல ஆத்திரம். அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை. போய் ஆட்டோ பிடித்தேன், எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனோம், இந்தத் தடவை காபியும் இல்லாமல். அப்பப்பா, அந்தக் காலை! மூன்று பேருக்கும் மண்டை பிளந்தது. அத்தான் ஆட்டோக்காரரோடு சண்டை, நான் அத்தானோடு சண்டை, அக்கா இரண்டு பேரையும் "வாய மூடுங்க" என்று ஒரு அதட்டு. கிள்ளானில் சின்ன வயசில் கேட்ட அதே அதட்டல். எனக்குத் தலைவலியோடு சிரிப்பு வந்தது. குழாய்கள் இந்தத் தடவை தெளிந்து, இளமஞ்சளாக நின்றன. டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.

கீழே இறங்கியதும் பக்கத்து ஓட்டலுக்குள் போனோம். அக்கா நெய் ரோஸ்ட் கேட்டாள். தட்டு வந்தது. நெய் பளபளத்தது. அத்தான் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தட்டை இழுத்துவிடுவோமோ என்று அவருக்கே பயம். அக்கா பாதி சாப்பிட்டாள். மீதியை அவர் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்க. உங்களையும் நிறுத்துப் பாக்கச் சொல்லட்டுமா?" அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

ஆனால் அடுப்படியில் அவருக்குக் கை வரவில்லை. பருப்பு, தேங்காய், முட்டை எல்லாம் வாங்கி வந்து அடுக்கினார். சோற்றில் நல்லெண்ணெய் ஒரு கரண்டி, மருந்து அளக்கிற மாதிரி அளந்து ஊற்றினார். தாளிக்க மட்டும் முடியவில்லை. சட்டியை வைப்பார், எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்குவார், அப்படியே நின்றுவிடுவார். "கொடுங்க அத்தான், நான் தாளிக்கிறேன்" என்றேன். "வேண்டாம். நிறுத்தினவன் நான், நானே பண்ணுதேன்" என்றார். நான் விமானம் ஏறுகிற நாள்வரை அந்த வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. வாசலில் அக்காவைக் கட்டிப்பிடித்தபோது எலும்பு முன்பு இருந்த மாதிரியேதான் கையில் தட்டியது. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கால் ஓயாமல் ஆட, ஊர் வந்து சேர்ந்தேன்.

பள்ளி திறந்துவிட்டது. சாயங்காலம் பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கிள்ளான் சிக்னலில் சிவப்பு. போன் அடித்தது. அத்தான். அன்றைக்கு அக்காவுக்கு மருந்து நாள் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து அதே நினைப்பு.

"மல்லிகா, சத்தம் கேக்கா?"

"என்ன சத்தம் அத்தான்? எடை பார்த்தாங்களா? அதச் சொல்லுங்க முதல்ல!"

"பொறு, போன அடுப்புகிட்ட வைக்கேன்."

படபடவென்று வெடித்தது. நல்ல சூடான எண்ணெயில் கை நிறையக் கடுகு. பின்னால் கறிவேப்பிலை விழுந்து சீறியது. யாரோ இருமினார்கள். பிறகு அக்காவின் குரல், தூரத்திலிருந்து வசவோடு கிட்டே வந்தது. "கருக்கிட்டீங்க, பாருங்க! பாத்திரக்கடைக்காரருக்குத் தாளிக்கத் தெரியல... மல்லி? இருக்கியா? ஏறலடி. ஆனா இறங்கவும் இல்ல. மருந்து ஏத்திட்டாங்க, இப்பதான் வீட்டுக்கு வந்தோம்."

என் வாயில் எங்கள் ஊர்க் கேள்விதான் வந்தது. "பசியாறிட்டியா?"

"இனிமேதான். தட்டு போட்டுட்டாரு."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. என் வலது கால் பிரேக்கின்மேல் அசையாமல் இருந்தது. அக்கா முதல் வாய் சாப்பிட்டு, "உப்பு கம்மி" என்று சொல்கிறவரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.